அண்ணனுக்குச் சொல்வது யார்?

ஜூலை 7, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒன்றையும் கூட்டமாட்டேன், ஒன்றையும் ஒளிக்கமாட்டேன். மற்ற இடத்தில் நான் எழுதுவது அப்படி இல்லை. அதனால் இங்கேயாவது.

ரஃபேல் அண்ணன் ஒரு மறைபரப்புச் சபையில் சேர்ந்து, ஜனவரியில் போர்த்துகலுக்குப் போனார். அங்கே பயிற்சி இல்லத்தில் போர்த்துகீசு படிக்கிறார். மொழி கைவந்ததும் மொசாம்பிக்கில் பணி. பயிற்சியில் இருப்பவர்கள் கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணினி அறையில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். மின்னஞ்சல்தான், ஆனாலும் நாங்கள் கடிதம் என்றே சொல்கிறோம். திங்கட்கிழமை படிப்போம். பதில் எழுதும் வேலை என்னுடையது. படிவம் நான்கில் தமிழில் நல்ல புள்ளி வாங்குகிறவளுக்குக் கிடைத்த பரிசு.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். மழை பெய்தது. டுரியான் விலை ஏறிவிட்டது. அப்பா நலம்.

அப்பா நலமில்லை. பிப்ரவரியிலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி மத்தியானங்களில் சுங்கைப் பட்டாணிக்குப் போய் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர் இப்போது அதே தோட்டத்தின் கேட்டில் ஜாகா, காவல்காரர். "அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது," என்று அம்மா அன்றே சொல்லிவிட்டார். "தெரிஞ்சா படிப்பைப் போட்டுட்டு ஓடி வந்துருவான்." அப்பா தலையாட்டினார். எலைன் அக்காவும் நானும் தலையாட்டினோம்.

இன்றைய கடிதத்தில் அண்ணன் எழுதியிருந்தார்: "ஞாயிறு மாலைப் பூசையில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு மின்விசிறிக்குக் கீழேயே இடம் கிடைக்கும். அது ஒரு வசதி."

அம்மா சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். நான் போகவில்லை.

கெடாவில் ஞாயிறு என்றால் பள்ளி உண்டு, வேலை உண்டு. விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் எங்கள் பங்குக் கோவிலில் எல்லோரும் சனிக்கிழமை மாலைப் பூசைக்குத்தான் போவார்கள். நான் பிறந்ததிலிருந்து நாங்களும் அப்படித்தான். பிப்ரவரிக்குப் பிறகுதான் ஞாயிறுக்கு மாறினோம். சனிக்கிழமை ஊசியைப் பிடுங்கிய பிறகு அப்பாவால் நிற்க முடிவதில்லை.

இதை நான் எழுதவில்லை. எழுதவே மாட்டேன். இது ஒளித்து வைத்த விஷயத்தின் வால்.

அப்படியானால் அண்ணனுக்குச் சொன்னது யார்?

ஜூலை 8, செவ்வாய்

இதுவரை அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் திறந்து படித்தேன். ஞாயிறு என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது, பள்ளி விளையாட்டுப் போட்டி பற்றி. பூசையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

வீட்டில் யாரோ தனியாகப் பேசுகிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

சந்தேகப்பட வேண்டியவர்களை வரிசைப்படுத்தப் பார்த்தேன். முதலில் அம்மா.

அம்மாதான் மறைக்கச் சொன்னார். ஆனால் அம்மாவுக்குத்தான் அண்ணன் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை. போன டிசம்பரில் வாசலில் மாட்டிய நட்சத்திர விளக்கை, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தும் அம்மா கழற்றவில்லை. அந்தோணியாருக்கு நேர்ச்சை: பிள்ளை வீடு திரும்பும் வரை தினமும் பொழுது சாய்ந்ததும் நட்சத்திரம் எரியும். எரிகிறது. சீனப் புத்தாண்டுக்கு எரிந்தது. நோன்புப் பெருநாள் ராயாவுக்குப் பக்கத்து வீட்டில் பெலித்தா விளக்குகள் வரிசையாக எரிந்தபோது அவற்றுக்கு மேலே இதுவும் எரிந்தது. எதிர்வீட்டு ஷாமளா அக்கா, "என்னக்கா, உங்க வூட்டுல மட்டும் ஏசு இன்னும் பொறக்கலையா?" என்று கேட்டார். அம்மா ஷாமளா அக்காவுடன் இரண்டு நாள் பேசவில்லை.

அம்மா ரகசியமாக அண்ணனுக்கு எழுதியிருப்பாரா? அம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்கிறார்.

ஜூலை 21, திங்கள்

இன்றைய கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதனால்தான் இன்னும் கவனமாகப் படித்தேன்.

அண்ணன் எழுதுகிறார்: "பிரிஜெட், நம் வீட்டில் பாதிச் சாமான் போர்த்துகீசு பேசுகிறது தெரியுமா? ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் இவர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன சொற்கள். மலாயிலும் அப்படித்தான்: ஜெண்டேலா, மேஜா, அல்மாரி. நான் இங்கே புதிதாகப் படிப்பதாக நினைத்தேன். பாட்டன் காலத்திலிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்." பிறகு, அந்தோணியார் பிறந்த ஊர் லிஸ்பனாம். அங்கே ஜூன் மாதம் அவருக்குத் தெருவெல்லாம் மத்தி மீன் சுட்டுத் திருவிழா.

"நம்ம அந்தோணியாரா?" என்றார் அம்மா. "அவரு அந்த ஊருக்காரரா?" கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டது போல இருந்தது.

கடைசியில் ஒரு வரி: "நட்சத்திரத்துக்கு நீல பல்பு போட்டால் கிளினிக் மாதிரி இருக்குமே!"

நீல பல்பு போட்டது போன புதன்கிழமை. பழையது எரிந்துபோய், கடையில் வேறு நிறம் இல்லாமல் அம்மா வாங்கி வந்தார். ஒரு வாரத்துக்குள் போர்த்துகலில் அது தெரிந்திருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் எழுதியதில் பல்பே இல்லை.

அம்மா கவனித்த மாதிரித் தெரியவில்லை. அல்லது கவனிக்காத மாதிரி இருக்கிறார்.

ஜூலை 24, வியாழன்

பொறி வைத்திருக்கிறேன். துப்பறியும் கதைகளில் வரும் பழைய வழிதான். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பொய் சொல்வது. எந்தப் பொய் திரும்பி வருகிறதோ அதைக் கேட்டவர்தான் ஆள்.

அம்மாவிடம்: பேச்சுப் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

எலைன் அக்காவிடம்: சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது.

ஷாமளா அக்காவிடம்: நான் படித்து முடித்ததும் கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன்.

உண்மையே எழுதுவேன் என்று தொடங்கிய நோட்டில் மூன்று பொய்களை எழுதுகிறேன். பொய் சொன்னேன் என்பது உண்மை. இது கணக்கில் சேருமா?

ஜூலை 25, வெள்ளி

அலமாக்!

ஷாமளா அக்காவிடம் சொன்னது ஒரே இரவில் புக்கிட் செலம்பாவ் முழுக்கப் போய்விட்டது. காலையில் பாசாரில் மீன்காரர் அம்மாவிடம், "ரெண்டாவது புள்ளையும் சாமிக்கா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "ஏண்டி, ஒருத்தனைக் குடுத்தது பத்தாதா? வீட்டுல யாருதாண்டி இருக்கப் போறீங்க?"

விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். அம்மா நம்பவில்லை. அப்பா வாயில் ஐஸ் கட்டியை ஒதுக்கிக்கொண்டு (தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், தாகத்துக்கு ஐஸ் கட்டி) சிரித்தார். "இவ அஞ்சு மணிக்கு எந்திரிக்கவே மாட்டா. மடத்துல ரெண்டாம் நாளே வெரட்டிருவாங்க."

எலைன் அக்கா சலவை இயந்திரத்தை நகர்த்திப் பூனை தேடினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

"பிரிஜெட் சிஸ்டர் அவர்களுக்கு வணக்கம்" என்று தொடங்குகிறது கடிதம்.

பொறியில் விழுந்துவிட்டது. ஆனால் விழுந்தது யார்? ஷாமளா அக்காவிடம் சொன்னது ஊருக்கே தெரிந்துவிட்டதே! மீன்காரர்கூடச் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிட்டார்.

ஒன்று மட்டும் உறுதி. அண்ணனுக்குச் செய்தி போகிறது. அப்படியானால் அப்பாவின் செய்தியும் போயிருக்குமா? போயிருந்தால் அவர் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை?

ஆகஸ்ட் 7, வியாழன்

எலைன் அக்கா கூலிம் ஹைடெக் பூங்காவில் இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே போனைக் காதில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். சந்தேகம் உறுதியாகிக்கொண்டே வந்தது. அவள் தூங்கியபின் — இல்லை, போனைத் திறக்கவில்லை. திரையில் தானாக வந்ததைப் பார்த்தேன்.

அக்காவிடம் ரகசியம் உண்டு. ஆனால் அதன் பெயர் யோகேந்திரன். அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியச் செபக்கூட்டம் எங்கள் வீட்டில். செபமாலை முடிந்ததும் எப்போதும்போல் அண்ணனின் கடிதத்தை நான் எல்லோருக்கும் வாசித்தேன். அதில் சமையல்கார மூதாட்டி ஒருத்தி தினமும் அண்ணனின் உச்சரிப்பைத் திருத்திவிட்டுத்தான் சூப் ஊற்றுவாளாம். எல்லோரும் சிரித்தார்கள்.

பலகாரத் தட்டு சுற்றும்போது யாரோ அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள், மகனுக்குச் சொல்லியாச்சா என்று. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லலங்க. சொன்னா மறுநாளே வந்து வாசல்ல நிப்பான். எம்புள்ளைய எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு ஒண்ணுன்னா அவனால அங்க ஒரு வாய் சோறு எறங்குமா? அதுக்காகத்தான் நான் கல்லு மாதிரி இருக்கேன்."

பெண்கள் "பாவம்" என்றார்கள். அப்பா எழுந்து வெளியே போய் நட்சத்திரத்துக்குக் கீழே நின்றுகொண்டார். காற்று வாங்கப் போனார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அது காற்று வாங்குகிற முதுகாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

கண்டுபிடித்தது இது. ஜனவரியில் வந்த கடிதங்களில் "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். பிப்ரவரிக்குப் பிறகு ஒரு கடிதத்தில்கூட இல்லை. அம்மாவைக் கேட்கிறார், அக்காவைக் கேட்கிறார், ஷாமளா அக்காவின் நாயைக்கூடக் கேட்கிறார். அப்பாவைப் பற்றி எழுதுவார், ஆனால் கேட்பதில்லை.

பொய்க் கடிதம் எப்படி எழுதுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மழை, சாப்பாடு, திருநாள், ஒரு சிரிப்பு. எதைச் சொல்ல முடியாதோ அதன் பக்கத்தில் போகாமல் சுற்றி வர வேண்டும். அண்ணனின் கடிதங்களும் அப்படித்தான் சுற்றி வருகின்றன.

அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை. அப்படியென்றால் அண்ணன் யார்? எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டு, நான் விழுந்ததும் தானும் விழுந்த அண்ணனா இது? இப்படி நினைப்பது பாவமா? நினைத்துவிட்டேனே, என்ன செய்ய?

செப்டம்பர் 6, சனி

ஒன்றும் நடக்கவில்லை. அப்பா குளியலறையில் முணுமுணுக்கிறார். செபம் என்று அம்மா சொல்கிறார். எனக்குத் தெரிந்த செபம் எதுவும் அப்படி ஒலிக்காது.

செப்டம்பர் 13, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். 

பள்ளி விடுமுறை. வழக்கமாக அப்பாவை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் எலைன் அக்காவுக்கு வேலை இருந்ததால் அப்பாவோடு நான் போனேன். சுங்கைப் பட்டாணியில் பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அந்த மையம். உறவினர்கள் வெளியே உட்கார வேண்டும். நான் புத்தகத்தைத் திறந்தேன். நர்ஸ் காஞ்சனா மிஸ்ஸிக்கு நாற்பது வயதிருக்கும், வட்ட முகம். என்னைப் பார்த்து, "எர்னஸ்ட் அண்ணன் மகளா? இருங்க, மூணரைக்கு ரேடியோ ஆரம்பிச்சிரும்," என்றார்.

"என்ன ரேடியோ, மிஸ்ஸி?"

"உங்கப்பாதான். என்னா பாஷையோ தெரியல. பக்கத்துக் கட்டில் சீன ஆப்பெகூட இப்ப நாலு வார்த்தை பேசுறாரு."

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அப்பாவின் இடது கையில் ஊசிகள், அதை அசைக்காமல் வைத்திருந்தார். வலது கையில் போன். காதில் ஒயர். பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக: "பெய்ங். பெய்ங். ஹோஜி... கன்சாடு. மைஸ் ஓ மேனுஷ்." பிறகு ஒரு சிரிப்பு. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனத் தாத்தா, "கன்சாடு, கன்சாடு," என்று தானும் சொல்லித் தலையாட்டினார்.

அப்பா போனைத் திருப்பியபோது திரை தெரிந்தது. அண்ணன். மெலிந்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

சந்தேகப் பட்டியலில் மீன்காரர் இருந்தார். அப்பா இல்லை. குட்மார்னிங் படம் அனுப்பவே என்னைக் கூப்பிடுகிற அப்பாவை நான் எழுதவே இல்லை.

முடிந்ததும் ஊசி பிடுங்கிய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டே, "எவ்வளவு நாளாப்பா?" என்றேன்.

அப்பா பஞ்சைப் பார்த்தார். "நல்லா அமுத்து. ரத்தம் வந்துரும்."

"அப்பா."

"போறதுக்கு முந்தியே தெரியும்மா அவனுக்கு. என் காலு வீங்குனத மொதல்ல பார்த்தது அவன்தான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதும் அவன்தான். டிக்கெட்டக் கிழிக்கிறேன்னு நின்னான். நான்தான் ஒப்பந்தம் போட்டேன். நீ போ, நான் ஒண்ணையும் ஒளிக்க மாட்டேன். நல்லா இருந்தா நல்லா இருக்கேன்னு சொல்லுவேன், முடியலன்னா முடியலன்னு சொல்லுவேன். வான்னு சொன்னா வா. அது வரைக்கும் வராதே."

போர்த்துகீசு எதற்கு என்று கேட்டேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே காலையில் ஒரு மணி நேரம் பேச்சுப் பயிற்சி. அந்த நேரத்தில் மட்டும் போனைக் கொடுப்பார்கள். மற்ற பயிற்சி மாணவர்கள் அந்த ஊர்க் குடும்பங்களோடு பேசுவார்கள். போர்த்துகீசு தவிர வேறு மொழி பேசினால் போனை வாங்கிவிடுவார்கள், சிஸ்டர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் தனக்குப் பேச்சுத்துணை அப்பா என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அந்த சிஸ்டரு என்னை மலாக்காவுல இருக்கற போர்த்துகீசுக்காரர்னு நெனச்சிட்டாங்களாம்-லா. உங்கண்ணன் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"நீங்க பேசுறதைக் கேட்டுமா?"

"கெழவனுக்குப் பல்லு இல்ல போலன்னு விட்டுட்டாங்க."

சேர்ந்தே சிரித்தோம். பிறகு அப்பா சொன்னார், தனக்கு நூறு சொல்கூடத் தெரியாது என்று. கன்சாடு என்றால் களைப்பு, பிறகு தண்ணீர், ரத்தம், எடை, நல்லது, பரவாயில்லை. பிறகு வீட்டுக் கதைக்கு நட்சத்திரம், நீலம், பூசை, கன்னியாஸ்திரி. உண்மையைச் சொல்ல எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

"அம்மாகிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"அவனுக்குத் தெரியும்னு உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவளே வான்னு சொல்லிருவா. அவ சொன்னா அவன் நிக்க மாட்டான்."

பஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் நின்றிருந்தது.

இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அம்மா செபக்கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் கண்ணில் நிற்கிறது. அப்பா, அண்ணன், நான் என்று மூன்று பேர் ஒரு பக்கம். அம்மா தனியாக, கல் மாதிரி.

செப்டம்பர் 22, திங்கள்

மொழித் தேர்வில் அண்ணன் தேறிவிட்டார். நவம்பர் முதல் வாரம் மொசாம்பிக். போர்த்துகலிலிருந்தே நேராகப் போகிறார். மூன்று வருடம். நடுவில் வீட்டுக்கு விடுப்பு இல்லை.

நான் வாசித்து முடித்ததும் அம்மா, "திரும்பப் படி," என்றார். படித்தேன். "மூணு வருசமா?" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவின் கண் அப்பாவின் கைமீது இருந்தது, ஊசிக் கையின்மீது.

செப்டம்பர் 25, வியாழன்

"எழுது," என்றார் அம்மா. அப்பா இன்னும் மையத்திலிருந்து வரவில்லை.

"அன்புள்ள மகனுக்கு. அப்பாவுக்கு பிப்ரவரியில இருந்து டயாலிசிஸ். உங்கிட்ட மறைச்சிட்டோம். மூணு வருசத்துல என்ன ஆகும்னு தெரியாது. நீ வா."

பொய் எழுதிப் பழகிய கைக்கு உண்மையை எழுதச் சொன்னபோது ஒன்றும் ஓடவில்லை. தட்டினேன், அழித்தேன். இந்தக் கடிதம் போனால் அண்ணன் என்ன பதில் எழுதுவார்? எனக்குத் தெரியும் என்றா? அல்லது இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி நடிப்பாரா? இரண்டில் எது மோசம்?

இணையம் சரியில்லை, நாளை அனுப்புகிறேன் என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். "நீ எப்போலேருந்து இப்படிப் பொய் சொல்றே?" என்றார்.

அப்பா வந்ததும் வாசல் கேட்டுக்கே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில், சமையலறையில். அம்மா அப்பாவுக்காக உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"பிரேமா, அந்தக் கடிதாசி வேணாம். அவனுக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"எல்லாம்."

"யார் சொன்னா? இவளா?" கரண்டி என் பக்கம் திரும்பியது.

"நான்தான். அவன் போறதுக்கு முந்தியே."

அம்மா அடுப்பை அணைத்தார். குழாய் சொட்டியதைக் கேட்டேன். அப்பா ஒப்பந்தத்தைச் சொன்னார், போனைச் சொன்னார், போர்த்துகீசைச் சொன்னார். அம்மா எதையும் கேட்டது போலத் தெரியவில்லை.

"தெரிஞ்சும் போனானா?" என்றார்.

அப்பா குழாயை இறுக்கி மூடினார்.

"ஊரெல்லாம் சொன்னேனே. தெரிஞ்சா வந்துருவான், தெரிஞ்சா வந்துருவான்னு. நீங்க பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

செப்டம்பர் 27, சனி

அம்மா அப்பாவோடு பேசவில்லை. ஆனால் உருளைக்கிழங்கை, பொட்டாசியம் இறங்க, எப்போதும்போல் இரண்டு முறை கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அப்பா தட்டில் வைத்தார். சோறும் அளந்துதான்.

என்னோடும் பேசவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

அண்ணனின் கடிதம் அம்மாவுக்கு மட்டும் வந்தது. வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தார், விரலை வைத்து, வெகு நேரம். அதில் என்ன இருந்தது என்று தெரியாது. பார்க்கவும் மாட்டேன். பார்க்க ஆசையாக இருக்கிறது.

நட்சத்திரம் இன்றும் எரிகிறது.

அக்டோபர் 9, வியாழன்

அம்மா அப்பாவிடம் பேசிவிட்டார்! மொத்தம் ஒரு கேள்வி.

"வான்னு அவங்க பாஷையில எப்படிச் சொல்றது?"

அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வெங்," என்றார்.

"திரும்பச் சொல்லுங்க."

"வெங்."

இன்று முழுக்க அம்மா பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் உதட்டை அசைக்கிறார். வெங். வெங். அடுத்த சனிக்கிழமை அப்பாவோடு தானும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அம்மா சொல்வார். சொன்னால் அண்ணன் வருவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் வந்தால் எனக்குச் சந்தோஷம்தானே? 

அக்டோபர் 18, சனி

மூன்று பேரும் போனோம். காஞ்சனா மிஸ்ஸி அம்மாவுக்கு மட்டும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். கதவைத் திறந்தே வைத்தார். அதனால் எனக்கு எல்லாம் கேட்டது.

அம்மா சேலை கட்டியிருந்தார், பூசைக்குப் போவது போல. இயந்திரத்தைப் பார்த்தார். அப்பாவின் ரத்தம் குழாயில் போய் வருவதைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அம்மா அங்கே வந்தது இதுதான் முதல் தடவை. யாரும் இதைக் கவனித்து எழுதவில்லை, நான்கூட.

போன் அடித்தது. அப்பா பேசாமல் அதை அம்மா கையில் கொடுத்தார். திரையில் அண்ணன். பின்னால் அந்த சிஸ்டர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. தமிழில் ஒரு வார்த்தை பேசக் கூடாத நேரம் அது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா வாயைத் திறந்தார். அந்தச் சொல் உதட்டில் வந்து நின்றதை நான் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"மலேரியா மாத்திரை வாங்கிட்டியா?" என்றார் அம்மா. நல்ல தமிழில், சத்தமாக.

அண்ணன் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வாங்கிட்டேம்மா," என்றார்.

"போறதுக்கு முந்தியே சாப்பிட ஆரம்பிக்கணுமாம். மிஸ்ஸி சொன்னாங்க. ராத்திரியில கொசுவலை இல்லாமத் தூங்காதே. தண்ணிய காய்ச்சிக் குடி. இங்க ஒருத்தர் குடிக்க முடியாமக் கெடக்காரு, நீ நல்லாக் குடி."

"சரிம்மா."

"அப்பாவ நான் பார்த்துக்கறேன்."

சிஸ்டர் வந்து போனை வாங்கினாரா, அண்ணனே வைத்துவிட்டாரா தெரியவில்லை. திரை இருண்டது. பக்கத்துக் கட்டில் ஆப்பெ அம்மாவிடம், "கன்சாடு?" என்று கேட்டார். அம்மாவுக்கு அதன் பொருள் தெரியாது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஷாமளா அக்கா வீட்டில் முறுக்கும் ஆட்டுக்கறியும். அப்பாவுக்கு மட்டும் கறி இரண்டு துண்டு, அம்மா எடுத்து வைத்தது. "அக்கா, இன்னிக்காவது உங்க ஸ்டாருக்கு லீவு குடுக்கலாமே, எங்க விளக்கு எடுபடமாட்டேங்குது," என்றார் ஷாமளா அக்கா. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நீல பல்புதானேடி, உன் விளக்குக்குப் போட்டியா?" என்றார்.

எலைன் அக்காவுக்கு யோகேந்திரன் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. நான் தட்டை வாங்கி உள்ளே வைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணன் இன்று லிஸ்பனிலிருந்து கிளம்பிவிட்டார். விமான நிலையத்திலிருந்து அழைத்தார். அங்கே எந்த மொழியில் பேசினாலும் கேட்க ஆளில்லை. எல்லோரும் தமிழில் பேசினோம். அப்பா மட்டும் கடைசியில் போர்த்துகீசில் ஏதோ சொன்னார். என்ன என்று அம்மா கேட்டார். "களைப்பு இல்லைன்னு சொன்னேன்," என்றார். இன்று டயாலிசிஸ் நாள். களைப்பாகத்தான் இருந்தார். ஒப்பந்தத்தில் அப்பா சொன்ன முதல் பொய்யாக இருக்கும். அண்ணனும் நம்பியிருக்க மாட்டார்.

பொழுது சாய்ந்ததும் அம்மா முக்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பல்பு மறுபடி எரிந்துபோய்விட்டதோ என்று பின்னால் போனேன். இல்லை. போட்டதும் நீலமாகப் பளிச்சென்று வந்தது. அம்மா அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவும் மெதுவாக வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"டிசம்பர்ல போட்டாப் போதும்," என்றார் அம்மா.

"நேர்ச்சை என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். "அண்ணன் வீட்டுக்கு வர்ற வரைக்கும்னு சொன்னீங்களே."

"அந்தோணியார்கிட்ட நான் பேசிக்கறேன். அவரும் அம்மாவ விட்டுட்டு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுனவருதானாம், உங்கண்ணன் எழுதியிருந்தான்." முக்காலியை என்னிடம் தள்ளினார். "நீ ஏறு. எனக்கு எட்டாது."

எட்டும். ஜனவரியிலிருந்து தினமும் அம்மாதான் போட்டு அணைத்தார். நான் ஏறினேன். அப்பா முக்காலியைப் பிடித்துக்கொண்டார், ஊசி போடாத கையால்.

நட்சத்திர விளக்கை அணைத்தேன்.